லெஃப்ட் அவுட்: கோல் கணக்கில் விடுபட்டவர்கள்

கால்பந்து வரலாற்றின் தலைசிறந்த இடது விங்கர்கள் யார் என்ற பட்டியல் ஒன்று அவ்வப்போது சமூக ஊடகங்களில் சுற்றி வருகிறது. முதலிடத்தில் பெரும்பாலும் கிறிஸ்டியானோ ரொனால்டோ இருப்பார். அவரை அடுத்து ரொனால்டினோ, நெய்மார், ரிபெரி, இப்போது வினிசியஸ் என்று பெயர்கள் தொடரும். பழமைக்கு மரியாதை செய்வதுபோல் கடைசியில் ஃபிரான்சிஸ்கோ ஹென்டோவுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும். கருத்துப் பகுதியில் கோல் எண்ணிக்கைகள் மோதிக்கொள்ளும். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

இப்பட்டியல்களோடு எனக்குள்ள முரண்பாடு பெயர்களைப் பற்றியதன்று, அளவுகோலைப் பற்றியது. 'இடது விங்கர்' என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு வெவ்வேறு தொழில்கள் அடங்கியுள்ளன. ஒன்று எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிப் பிறருக்குப் பந்தைக் கொடுக்கும் தொழில். மற்றொன்று அதே இடத்தில் தொடங்கி உட்புறமாக வெட்டி நுழைந்து தானே கோல் அடிக்கும் தொழில். இரண்டையும் கோல் என்ற ஒரே தராசில் நிறுத்தினால் முதல் தொழில் தோற்றே தீரும். தோற்பது ஆட்டத்தில் அன்று, கணக்கில். இந்த வேறுபாட்டை விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் அத்தொழில் எதுவென்று பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக வழங்கிய அணிவகுப்பு 2-3-5. முன்களத்தில் ஐவர், அவருள் இடப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவரே இடது விங்கர். சட்டை எண்கள் வழக்கத்திற்கு வந்தபோது ஒவ்வொரு வரிசையையும் வலமிருந்து இடமாக எண்ணியதால் 11 என்ற கடைசி எண் அவருக்கு வாய்த்தது. நம் நாட்டு மைதானங்களில், சிறப்பாகக் கொல்கத்தாவில், அவரை 'லெஃப்ட் அவுட்' என்று அழைத்தனர். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'விடுபட்டவர்' என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருளுக்குப் பிறகு வருவோம்.

அவருடைய வேலை பந்து காலில் இல்லாதபோதே தொடங்கிவிடுகிறது. அவர் கோட்டை ஒட்டி நின்றால் எதிரணியின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் அவரை நோக்கி நகர வேண்டியிருக்கும். நகர்ந்தால் அவருக்கும் நடுத் தடுப்பாட்டக்காரருக்கும் இடையில் வெளி திறக்கும். அவ்வெளியில் இன்னொருவர் புகுவார். நகராவிட்டால் விங்கருக்கே ஓடும் வழி கிடைக்கும். பந்தோடு கோல்கோடு வரை சென்று அங்கிருந்து பின்னோக்கி அவர் பந்தைத் தட்டும்போது நிலைமை இன்னும் மோசமாகும். தடுப்பவர்கள் தங்கள் கோலையே பார்த்தபடி ஓடிவருவார்கள், தாக்குபவர்களோ பந்தைப் பார்த்தபடி வருவார்கள். கால்பந்தில் தடுப்பதற்கு மிகக் கடினமான நிலைகளில் இதுவும் ஒன்று. இடதுகால் பழக்கமுள்ளவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்காமலேயே அவரால் கிராஸ் கொடுக்க முடியும். வலதுகால் பழக்கமுள்ளவர் பந்தைத் தன் வலதுகாலுக்கு மாற்ற ஒரு கணம் நிற்க வேண்டும். தடுப்பவருக்கு அந்த ஒரு கணம் போதும்.

இத்தொழிலின் முழு வடிவத்தை ஹென்டோவிடம் காண்கிறேன். வட ஸ்பெயினின் கான்டாப்ரியாப் பகுதியில் 1933-இல் பிறந்தவர்; 1953-இல் ரேசிங் சாண்டாண்டரிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு வந்தார். அவருடைய வேகத்தைக் கண்டவர்கள் அப்பகுதிக் கடலில் திடீரென எழும் புயற்காற்றின் பெயரை அவருக்குச் சூட்டினார்கள். வந்த புதிதில் அவ்வேகத்தை அணியால் பயன்படுத்த இயலவில்லை. 1954-இல் எக்டர் ரியால் வந்து அவருக்குப் பக்கத்தில் ஆடத் தொடங்கி, அவர் ஓடப்போகும் இடத்திற்கு முன்கூட்டியே பந்தை அனுப்பியபோதுதான் அது ஆயுதமாயிற்று. அதன் பிறகு நடந்தது வரலாறு: 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள், 1966-இல் ஆறாவது. 12 ஸ்பானிய லீக் பட்டங்கள். ஓர் ஆட்டக்காரர் ஆறு ஐரோப்பியக் கோப்பைகளை வெல்வது என்ற சாதனையைச் சமன்செய்ய 2024 வரை எவராலும் முடியவில்லை.

அவர் கோல் அடிக்காதவரும் அல்லர். 1957 இறுதியாட்டத்தில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக ஒரு கோல், 1958 இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் மிலானுக்கு எதிராக வெற்றிக் கோல். ஆயினும் சுமார் 600 ஆட்டங்களில் 180-ஐச் சற்றே தாண்டிய கோல்களே அவர் கணக்கில் உள்ளன. அதே மன்றத்துக்காக ரொனால்டோ 438 ஆட்டங்களில் 450 கோல்கள் அடித்தார். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தால் விவாதம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். 1960-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் 1,27,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நடந்த இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை ரியல் மாட்ரிட் 7-3 என்று வென்றது. புஷ்காஷ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று. ஏழு கோல்களும் இருவர் பெயரில் எழுதப்பட்டுவிட்டன. அன்று இடப்பக்கத்தில் ஓடிய ஹென்டோவின் பெயர் கோல் வரிசையில் இல்லை. அந்த வரிசையை மட்டும் படிக்கும் ஒருவர் அவர் அன்று ஆடவேயில்லை என்று கருதினாலும் வியப்பில்லை.

இதைவிடத் தெளிவான சான்று பிரேசிலில் உண்டு. 1950-களின் இறுதியில் அந்நாட்டில் இடது விங்கர் இடத்துக்கு வலுவான போட்டி இருந்தது. சாண்டோஸ் மன்றத்தின் பெப்பே இடிபோல் உதைப்பவர். அம்மன்றத்துக்காக நானூறுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்து, பெலேவுக்கு அடுத்த இடத்தில் நிற்பவர். மாரியோ சகாலோவுக்கோ அத்தகைய எண்கள் ஏதுமில்லை. 1958, 1962 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் பெப்பே காயமுற்றிருக்க, சகாலோ ஆடினார். பிரேசில் இரண்டையும் வென்றது. பெப்பே நலமாக இருந்திருந்தாலும் வென்றிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சகாலோ செய்த வேலை எது என்பதே இங்கு முக்கியம். பந்து எதிரணியிடம் சென்றதும் அவர் நடுக்களத்திற்கு இறங்கிவிடுவார். காகிதத்தில் 4-2-4 என்று இருந்த அணி களத்தில் 4-3-3 ஆகிவிடும். வலப்பக்கத்தில் கரிஞ்சா யாருக்கும் கட்டுப்படாமல் விளையாட முடிந்ததற்கு இடப்பக்கத்தில் ஒருவர் இரண்டு பேர் வேலையைச் செய்ததும் ஒரு காரணம். 'சிற்றெறும்பு' என்ற பட்டப்பெயர் அவருக்கு அதனால்தான் பொருந்தியது. ஸ்வீடனுக்கு எதிரான 1958 இறுதியாட்டத்தில் பிரேசிலின் நான்காவது கோலை அவரே அடித்தார். ஐந்தாவது கோலுக்குப் பெலே தலையால் முட்டிய பந்து அவர் தூக்கிக் கொடுத்தது. அந்தத் தொடரில் பிரேசில் அணியின் எண்கள் தாறுமாறாக வழங்கப்பட்டதால் 11 என்ற எண்ணை வலது விங்கரான கரிஞ்சாவும் 7 என்ற எண்ணைச் சகாலோவும் அணிந்திருந்தனர் என்பது ஒரு சுவையான செய்தி. 1970-இல் பயிற்சியாளரான சகாலோ, ரிவெலினோவை இடப்பக்கத்தில் நிறுத்தி ஏறத்தாழத் தம் பழைய வேலையையே அவருக்குக் கொடுத்தார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்ற முதல் மனிதர் ஓர் இடது விங்கர் என்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஓரத்தில் நின்றவருக்கு முழுக் களமும் தெரிந்திருக்கிறது.

வெற்றிக் கோப்பைகளை மட்டும் எண்ணினாலும் சிலர் விடுபடுவர். ஹங்கேரியின் ஸோல்டான் சிபோர் 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். மேற்கு ஜெர்மனி 3-2 என்று வென்றது. ஏழாண்டுகள் கழித்து, பார்சிலோனாவுக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மீண்டும் கோல் அடித்தார். பென்ஃபிகா 3-2 என்று வென்றது. இரண்டும் பெர்ன் நகரின் ஒரே மைதானத்தில் நடந்தவை. யூகோஸ்லாவியாவின் டிராகன் ஜாயிச் இன்னொருவர். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் உலகச் சாம்பியனான இங்கிலாந்தை ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவருடைய ஒற்றைக் கோல் வீழ்த்தியது. இத்தாலிக்கு எதிரான இறுதியாட்டத்திலும் அவரே கோல் அடித்தார். 1-1 என்று முடிந்ததால் இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம் நடந்தது, அதில் யூகோஸ்லாவியா தோற்றது. அவ்வாண்டின் பலோன் தோர் வாக்கெடுப்பில் அவருக்கு மூன்றாமிடம். அவர் ஆடிய நாடே இன்று வரைபடத்தில் இல்லை. தம் வீரர்களை நினைவூட்டிக்கொண்டே இருக்க ஒரு நாடு இல்லாதபோது அவர்கள் பட்டியல்களிலிருந்து நழுவுவது எளிதாகிவிடுகிறது.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். கால்பந்தின் நோக்கமே கோல் அடிப்பதுதானே. அதிகக் கோல் அடித்த விங்கரைச் சிறந்தவர் என்பதில் என்ன பிழை? மேலும், கோல் அடிக்கும் விங்கர் நேற்று முளைத்தவரும் அல்லர். ஆர்சனலின் கிளிஃப் பாஸ்டின் 1932-33 பருவத்தில் இடது விங்கராக ஆடி லீக்கில் மட்டும் 33 கோல்கள் அடித்தார். பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் தம் விங்கர்களைக் கோட்டோடு ஒட்டி நிற்க விடாமல் உட்புறமாக வெட்டி நுழையச் சொன்னதன் விளைவு அது. ஆகவே 'அக்கால விங்கர்கள் கொடுத்தார்கள், இக்கால விங்கர்கள் எடுக்கிறார்கள்' என்ற புலம்பல் வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டு மரபுகளும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

வேறுபாடு பின்னர் ஏற்பட்டது. 1966-இல் விங்கர்களே இல்லாத இங்கிலாந்து அணியைக் கொண்டு ஆல்ஃப் ராம்சே உலகக் கோப்பையை வென்றபோது, ஓரத்தில் ஒருவரை நிறுத்துவது ஆடம்பரம் என்ற எண்ணம் வலுப்பட்டது. விங்கர் திரும்பி வந்தபோது பெரிதும் கால் மாறி வந்தார். வலதுகால் பழக்கமுள்ளவரை இடப்பக்கத்தில் நிறுத்தினால் அவர் உள்ளே திரும்பும்போது கோலின் தொலைமூலை முழுதும் அவருக்குத் திறக்கிறது. ரொனால்டோ, ரிபெரி, நெய்மார் ஆகியோரின் தாக்குதலுக்கு அடிப்படை இந்தக் கோணமே. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே சென்றதும் கோட்டோரம் வெறுமையாகிறது. அந்த வெறுமையை ஒருவர் நிரப்பியாக வேண்டும். மாட்ரிட்டில் ரொனால்டோ உள்ளே சென்றபோது கோட்டோரம் ஓடியவர் மார்செலோ. பார்சிலோனாவில் அவ்வேலையை ஜோர்டி ஆல்பா செய்தார், லிவர்பூலில் ஆண்டி ராபர்ட்சன். பழைய இடது விங்கரின் வேலை ஒழிந்துபோகவில்லை. அது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரின் தோளில் ஏற்றப்பட்டுவிட்டது. ஹென்டோவின் உண்மையான வாரிசுகளை இன்று தேட வேண்டிய இடம் அதுதான். நாமோ பதவியின் பெயரைப் பார்த்து வாரிசுரிமையை வேறொருவருக்கு எழுதிவைக்கிறோம்.

உள்ளே வெட்டி நுழைவோர் அனைவரும் தமக்காகவே நுழைந்தனர் என்பதும் சரியன்று. வலதுகாலரான ரொனால்டினோ பார்சிலோனாவின் இடப்பக்கத்திலிருந்து உள்ளே வந்தபோது பலமுறை கொடுப்பதற்காகவே வந்தார். 2005 மே மாதத்தில் அல்பசெட்டே அணிக்கு எதிராக லியோனல் மெஸ்ஸி அடித்த முதல் பார்சிலோனா கோல், தடுப்பவர்களின் தலைக்கு மேலாக ரொனால்டினோ மெல்லத் தூக்கிக் கொடுத்த பந்தில் பிறந்தது. எனவே வலதுகாலா இடதுகாலா என்று மட்டும் கேட்டால் போதாது. அவர் அங்கே இருந்ததால் மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

நம் நினைவு எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கு ஜான் பார்ன்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து இங்கிலாந்துக்காக ஆடியவர். 1984-இல் மரக்கானா மைதானத்தில் பிரேசில் வீரர்களை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து அவர் அடித்த கோலைக் கால்பந்து உலகம் மறக்கவில்லை. இங்கிலாந்து அன்று 2-0 என்று வென்றது. இரண்டாவது கோலை மார்க் ஹேட்லி தலையால் முட்டி அடித்தார். அந்தப் பந்தை ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்தவரும் பார்ன்ஸ்தான். முதல் கோலை நூறு பேர் சொல்வார்கள் என்றால் இரண்டாவதை ஒருவர் சொல்வதே அரிது. பின்னர் லிவர்பூலின் இடது விங்கராக அவர் ஆடிய நாள்களில் நிறவெறிக் கூச்சல்களையும் சகித்தார். 1988-இல் கூட்டத்திலிருந்து வீசப்பட்ட வாழைப்பழத்தை அவர் குதிகாலால் ஒதுக்கித் தள்ளும் ஒளிப்படம் இன்றும் புழங்குகிறது. எல்லைக்கோட்டை ஒட்டி ஆடுபவருக்கும் பார்வையாளருக்கும் இடையே சில அடித் தொலைவே உண்டு. வசை முதலில் சென்று சேர்வதும் அவரிடமே.

கேரத் பேலின் கதையிலும் இதே பாங்கைக் காணலாம். 2010 அக்டோபரில் சான் சீரோ மைதானத்தில் இன்டர் மிலானுக்கு எதிராக டாட்டன்ஹாம் 4-3 என்று தோற்ற ஆட்டத்தில் அவர் அடித்த மூன்று கோல்கள் அவரை உலகறியச் செய்தன. இரண்டு வாரம் கழித்து லண்டனில் டாட்டன்ஹாம் 3-1 என்று வென்றது. அன்று பேல் ஒரு கோலும் அடிக்கவில்லை. இரண்டு கோல்களை இடப்பக்கத்திலிருந்து ஓடிச்சென்று உருவாக்கிக் கொடுத்தார். அணிக்கு வெற்றி தேடித் தந்தது இரண்டாவது ஆட்டம், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது முதல் ஆட்டம்.

இங்கு ஆவணச் சிக்கலும் ஒன்று உண்டு. ஒரு கோலுக்கு முந்தைய பந்தைக் கொடுத்தவர் யார் என்பதை முறையாகப் பதியும் வழக்கம் மிகப் பிற்காலத்தது. 1992-இல் தொடங்கிய இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ரையன் கிக்ஸ் 162 கோல்களுக்கு உதவினார் என்று நம்மால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அவ்வகையில் அவரே அங்கு முதலிடத்தில் உள்ளார். ஹென்டோவுக்கும் ஜாயிச்சுக்கும் சிபோருக்கும் அத்தகைய நம்பகமான எண் நம்மிடம் இல்லை. அவர்கள் எடுத்தது பதிவாகியிருக்கிறது, கொடுத்தது பெரும்பாலும் பதிவாகவில்லை. ஆவணத்தில் இல்லாததை நிகழாததாகக் கொள்வது ஆய்வில் தொடக்கநிலைப் பிழை. பட்டியல் இடுவோர் அப்பிழையைத்தான் செய்கிறார்கள். வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கப்படும் துறையில் இருக்கும் எனக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படவில்லை. இன்னொருவருடைய வரைவைப் பொறுமையாகப் படித்துத் திருத்தித் தருபவரும், பிறர் பயன்படுத்தத் தரவுகளை ஒழுங்குசெய்து வைப்பவரும் எந்தத் தரவரிசையிலும் தோன்றுவதில்லை. அளக்க எளிதானதை அளந்துவிட்டு, அதையே மதிப்பு என்று நாம் நம்பத் தொடங்குகிறோம்.

மகளிர் கால்பந்தைத் தவிர்த்து இப்பொருளைப் பேசுவதும் ஒரு விடுபடலே. 2011 உலகக் கோப்பைக் காலிறுதியில் பத்துப் பேருடன் ஆடிய அமெரிக்க அணி, பிரேசிலிடம் 2-1 என்று பின்தங்கியிருந்தது. 122-ஆவது நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து மேகன் ரப்பினோ தொலைதூரம் தூக்கி அனுப்பிய பந்தை அப்பி வாம்பாக் தலையால் முட்டிக் கோலாக்கினார். பெனால்டிகளில் அமெரிக்கா வென்றது. ஓர் இடது விங்கர் என்ன செய்வார் என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்ட விரும்பும் காட்சி அதுவே. கோல் வாம்பாக்கினுடையது, ஆயினும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களால் கொடுத்தவரையும் மறக்க முடிவதில்லை. இரண்டையும் ஒருசேர நினைவில் வைப்பது இயலாத செயலன்று என்பதற்கு அது சான்று.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஈஸ்ட் பெங்கால் மன்றத்தின் புகழ்பெற்ற 'பஞ்ச பாண்டவர்' முன்களத்தில் லெஃப்ட் அவுட்டாக நின்றவர் சாலே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இடப்பக்க முன்கள ஆட்டக்காரராகச் சென்ற துளசிதாஸ் பலராம் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோலும் பெருவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் ஒரே மூச்சில் சொல்வது இந்தியக் கால்பந்து மரபு. முதல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பலராம் அந்த விருதைப் பெறாமலேயே 2023-இல் காலமானார். அவர் இடப்பக்கத்தில் ஆடியதால்தான் இது நேர்ந்தது என்று நான் வாதிட மாட்டேன். கோல்களும் அவர் கணக்கில் இருக்கவே செய்தன. ஆனால் 'லெஃப்ட் அவுட்' என்ற சொல்லின் இரண்டாம் பொருள் இவர் பெயருக்கு அருகில் வரும்போது உறுத்துகிறது.

இனி என் முடிவு. கோட்டோர மரபில் என் வரிசை: ஹென்டோ, ஜாயிச், சகாலோ, கிக்ஸ், பார்ன்ஸ். உட்புற மரபில்: ரொனால்டோ, ரொனால்டினோ, பாஸ்டின், ரிபெரி, நெய்மார். இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாக்க நான் விரும்பவில்லை. கட்டாயப்படுத்தி ஒரே ஒரு பெயரைக் கேட்டால் ஹென்டோ என்பேன். ரொனால்டோ அவரைவிடப் பெரிய ஆட்டக்காரராக இருக்கலாம். இடது விங்கர் என்ற இடத்தை அவர் தொடக்கப் புள்ளியாகப் பயன்படுத்தினார். ஹென்டோ பதினெட்டுப் பருவங்கள் அந்த இடத்திலேயே குடியிருந்தார்.

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். உங்கள் பட்டியலையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் அடித்த கோல்களை எழுதுமுன், அவரால் யார் யார் கோல் அடித்தார்கள் என்று ஒரு பெயராவது எழுதிப் பாருங்கள்.